யாரும் ‘கட்’ சொல்லாத வெள்ளிக்கிழமை

தொலைக்காட்சியில் நான் பலமுறை செத்திருக்கிறேன். ஆற்றங்கரையில் குப்புறக் கிடந்திருக்கிறேன், லிஃப்டுக்குள் சரிந்திருக்கிறேன், பிணவறை மேசையில் வெள்ளைத் துணிக்கு அடியில் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். (பிணத்துக்குப் பல் கிட்டிக்கக் கூடாது. அந்த வேலையில் இருக்கும் ஒரே கஷ்டம் அதுதான்.) ஆனால் என் கணவரை ஒரே ஒரு முறைதான் கொன்றேன். அது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில், எங்கள் வீட்டுக் கூடத்தில், நவராத்திரி வெள்ளிக்கிழமை அன்று நடந்தது.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது உங்களுக்குப் புரியாது. சொன்னாலும் புரியுமா என்பது வேறு விஷயம். என் மாமியாருக்கு இன்னும் புரியவில்லை.

நான் லண்டனில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு ஆள் தேடி எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். கதையில் ஒரு இந்தியக் கடைக்காரர், அவருக்கு ஒரு மகள். என்னைப் பார்த்ததும் தேர்ந்தெடுத்தார்கள். திறமையைப் பார்த்துத்தான் என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். அன்றைக்கு எங்கள் வகுப்பில் என் நிறத்தில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் அம்மை போட்டிருந்தது என்பதை அவர் சொல்வதில்லை.

முதல் நாள் படப்பிடிப்பில் அலமாரியிலிருந்த தகர டப்பாக்கள் சரிந்து என் தலையில் விழுந்தன. நான் வசனத்தை விட்டுவிட்டு அம்மாவைத் தேடி அழுதேன். படப்பிடிப்புத் தளத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என் முன்னால் வந்து நின்று, எல்லோர் முன்னாலும் திட்டினார். கூரையே இடிந்து விழுந்தாலும் சரி, யாராவது ‘கட்’ என்று சொல்லும்வரை நீ நிறுத்தக் கூடாது என்றார். அந்தத் திட்டு எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. ஒருமுறை ஸ்டூடியோவில் உண்மையாகவே தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான் மட்டும் காலியான கடையில் இல்லாத வாடிக்கையாளருக்கு மிட்டாய் விற்றுக்கொண்டிருந்தேன்.

வளர வளர என் பாத்திரங்களும் வளர்ந்தன, பக்கவாட்டில். கடைக்காரரின் மகளாக இருந்தவள் கட்டாயக் கல்யாணத்திலிருந்து தப்பி ஓடும் அக்காவானேன். பிறகு மருந்துக் கடைப் பெண். பிறகு ஒரு மருத்துவமனைத் தொடரில், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து “எங்களால் முடிந்ததைச் செய்தோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் டாக்டர். அம்மாவின் பொற்காலம் அது. ஸ்டெதஸ்கோப்போடு நான் நிற்கும் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். அதைப் பார்த்துவிட்டு முழங்கால் வலிக்கு என்னிடம் மருந்து கேட்ட உறவினர்கள் உண்டு, அம்மா யாரையும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு துப்பறியும் தொடர்கள் வந்தன. நான் பிணமானேன். ஒவ்வொரு முறையும் ஒளிபரப்பு முடிந்தவுடன் அம்மா போன் செய்வார்.

“போன முறை நல்லாய்ச் செத்தனி பிள்ளை. இந்த முறை கண் இமை ஆடினது. கொஞ்சம் கவனமாய்ச் செய்.”

இப்படிப் பேரோடும் புகழோடும் இருந்தபோதுதான் லண்டனுக்கு வேலையாக வந்த ஈரோட்டுச் செந்திலைச் சந்தித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். அவரை ஃபிரிஸ்கோவுக்கு மாற்றினார்கள். நிலா பிறந்தாள். ஏழு வருடம் ஓடிவிட்டது. ஃபிரிஸ்கோவில் யாருக்கும் நான் நடிகை என்று தெரியாது. தெரியாது என்றால், சொல்லாமல் இல்லை, சொன்னேன். எங்கள் தெருவிலேயே இருந்த விசாலம் ஆன்ட்டி முதல் சந்திப்பிலேயே கேட்டார்.

“என்னம்மா பண்றே?”

“நடிக்கிறேன் ஆன்ட்டி.”

“அது சரி. வேலை என்ன பண்றே?”

விசாலம் ஆன்ட்டியின் தம்பி மகன் ஆன்லைனில் சாஃப்ட்வேர் QA டெஸ்டிங் கோர்ஸ் நடத்துகிறான். அமெரிக்காவில் வேலையில்லாத தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் கடைசியில் கிடைக்கும் மோட்சம் அது. ஆன்ட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஜனவரி பேட்ச்ல உன்னைச் சேத்துடட்டுமா?” என்பார். நான் ஒவ்வொரு வருடமும் அடுத்த ஜனவரி என்பேன். அந்த வருடம் எனக்கே வாய்தா கேட்க வெட்கமாகிவிட்டது. எனக்கு முப்பத்தொன்பது வயது. லண்டனில் என் ஏஜென்ட் பாவம் பார்த்துத்தான் என் பெயரை இன்னும் வைத்திருந்தார். இந்த டிசம்பருக்குள் ஒரு வாய்ப்பு வராவிட்டால் ஜனவரியில் கோர்ஸில் சேர்ந்துவிடுவேன் என்று செந்திலிடம் நானாகவே சொன்னேன். அவர், “உன் இஷ்டம் தர்ஷி,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், நிம்மதியை மறைக்க.

அக்டோபரில் ஏஜென்ட் கூப்பிட்டார். ஒரு அமெரிக்கத் தொடர். முதல் எபிசோடிலேயே பால் வாங்கப் போன கணவன் விபத்தில் செத்துப்போகிறான், அதற்குப் பிறகு தொடர் முழுக்க அந்த மனைவியின் கதை. கவனியுங்கள், சாவது கணவன். நான் உயிரோடு இருப்பேன். கடைசி எபிசோட் வரை கண்ணைத் திறந்துகொண்டு இருப்பேன். வீட்டிலேயே நடித்துப் பதிவு செய்து அனுப்பினேன், பிடித்துவிட்டது. கடைசிச் சுற்றில் நானும் இன்னொரு நடிகையும்தான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் இயக்குநர் முன்னால் நேரடியாக நடித்துக் காட்ட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கொலு. ஈரோட்டில் என் மாமியார் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. ஆறு மாத விசாவில் ஃபிரிஸ்கோவுக்கு வந்தவர், தெருவில் எல்லோரும் வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, “நாம மட்டும் எளப்பமா?” என்று படி கட்டிவிட்டார். அதுவும் எங்கே? வெளிச்சம் நன்றாக விழும் ஒரே கூடத்தில். எனக்கு வெறும் சுவர் வேண்டும், இயற்கை வெளிச்சம் வேண்டும். இரண்டும் கொலுவுக்கு எதிரில்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் லேப்டாப்பைக் கொலுவின் கடைசிப் படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தேன். செய்தி சொல்ல வரும் போலீஸ்காரராகச் செட்டியாரையே வைத்துக்கொண்டு அவர் கண்ணைப் பார்த்துப் பேசுவதாக ஏற்பாடு. கடைக்காரரின் மகளாகத் தொடங்கியவள், கடைசிச் சந்தர்ப்பத்திலும் எதிரே ஒரு கடைக்காரர். அதை நல்ல சகுனம் என்று நினைத்தேன். அந்த வயதிலும் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மற்ற ஏற்பாடுகளில் குறையில்லை. செந்தில் ஆபீசில். நிலா பள்ளியில். இருவரும் ஐந்து மணிக்கு மேல் சேர்ந்து வருவார்கள், வரும் வழியில் விருந்தாளிகளின் காபிக்குப் பால் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். மாமியாரை இன்னொரு கொலு வீட்டுக்காரர்கள் காரில் வந்து கூட்டிப்போனார்கள். கிளம்பும்போது சொன்னார்.

“எல்லாரையும் அஞ்சரைக்குத்தான் வரச் சொல்லிப்போட்டேன் கண்ணு. நீ உன்ற மீட்டிங்க முடிச்சுக்க. வாசக்கதவை மட்டும் தாழ் போட்றாத. கொலு வெச்ச ஊட்ல வெள்ளிக்கெழம கதவ அடைக்கக் கூடாது, லச்சுமி திரும்பிப் போயிருவா.”

தாழ் போடவில்லை. லட்சுமிதான் வருவாள் என்று நானும் நம்பினேன்.

மூன்று மணிக்குத் திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன. இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு பெண்மணி. ஆங்கில வசனத்தைப் பேசினேன். செட்டியாரைப் பார்த்து உதட்டைத் துடிக்கவிட்டேன், கண்ணில் அளவாக நீர் வரவழைத்தேன். இயக்குநர், “ரொம்ப நேர்த்தி,” என்றார். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், நெஞ்சைத் தொடவில்லை என்பது. ஜனவரி பேட்ச் கண் முன்னால் வந்து நின்றது.

பிறகு அவர் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். வசனத்தை மறந்துவிடுங்கள். உங்கள் மொழியில், உங்கள் ஊர் ஆட்கள் எப்படி அழுவார்களோ அப்படி அழுங்கள் பார்க்கலாம்.

எங்கள் ஊர் ஆட்கள் எப்படி அழுவார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். லண்டனில் சாவு வீடுகளில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் எனக்குள் எங்கே கிடந்தது என்று தெரியாத ஒரு குரல் வந்தது.

“ஐயோ என்ர ராசா! பால் வாங்கத்தானே போனீங்கள்! என்னையும் பிள்ளையையும் ஆரிட்ட விட்டிட்டுப் போனீங்கள்!”

மார்பில் அடித்துக்கொண்டேன். தரையில் விழுந்தேன். அது நடிப்பில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதுவரை நான் செய்ததெல்லாம் நடிப்பில்லை என்று அப்போது தெரிந்தது. இயக்குநர் திரைக்குள்ளிருந்து எழுந்து வந்துவிடுவார் போல முன்னால் சாய்ந்தார். தயாரிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடமாகக் காத்திருந்தது என் கைக்கெட்டும் தூரத்தில், அந்தக் கடைசிப் படியில் இருந்தது.

அப்போது வாசல் கதவு திறந்தது.

விசாலம் ஆன்ட்டிக்கு அன்று பல வீட்டுக் கொலு அழைப்பு. தெருவிலேயே இருக்கும் எங்கள் வீட்டை முதலில் முடித்துவிடலாம் என்று எதிர் வீட்டு உமாவையும் கூட்டிக்கொண்டு பட்டுப்புடவையில் வந்துவிட்டார். தரையில் தலைவிரி கோலமாகக் கிடந்த என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டை அப்படியே போட்டார். வாழைப்பழம் ஒரு பக்கம், வெற்றிலை ஒரு பக்கம்.

“ஐயோ! என்னடி ஆச்சு? யாருக்கு என்ன?”

இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். எந்தச் சாதாரண மனுஷியும் நிறுத்தியிருப்பாள். ஆனால் யாரும் ‘கட்’ சொல்லவில்லையே! இயக்குநர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூரை இடிந்தாலும் நிறுத்தக் கூடாது. இடிந்தது விசாலம் ஆன்ட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

“போயிட்டார் ஆன்ட்டி...”

“யாரு? செந்திலா?”

தொடரில் என் கணவன் பெயர் ரவி. அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

“எப்படிடி?”

“பால் வாங்கப் போனவர்... ட்ரக் வந்து...”

ஆன்ட்டி உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அது என்ன அழுகை! அடிவயிற்றிலிருந்து வந்தது, ஒரு நொடிகூடத் தயாராகாமல் வந்தது. ஏழு வருடமாக என்னைப் பார்த்தாலே கோர்ஸ் பற்றிப் பேசுகிறவர், என் தலையைத் தடவித் தடவி, “அழு, நல்லா அழு, அடக்காதே,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏதாவது சாப்பிட்டியாடி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் உண்மையாகவே அழுதுவிட்டேன்.

திரையில் அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இது ஒத்திகை பார்த்தது இல்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் தப்பாகப் புரிந்துவிட்டது. “எங்களை மன்னித்துவிடுங்கள். நீங்கள் உங்கள் குடும்பத்தோடு இருங்கள்,” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். திரை கறுத்துப்போனது. ‘கட்’ என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் சட்டென்று எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“ஆன்ட்டி, இது நடிப்பு. செந்திலுக்கு ஒன்றும் இல்லை.”

ஆன்ட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உமாவிடம் சொன்னார்.

“ஷாக்ல இப்படித்தான் பேசுவாங்க. நீ தண்ணி கொண்டா.”

நான் நடிகை என்று நம்ப அந்த ஊரில் ஆளே இல்லை என்பதன் முழு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. செந்திலைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை, அவருடைய பதிவு செய்த குரல் வந்தது. ஆன்ட்டி போனைப் பிடுங்கினார். “வேணாம்டி, அவன் குரலைக் கேக்காதே, தாங்க மாட்டே!” அதற்குள் உமா தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. யாரோ ஒருவர் அவசரத்தில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அழித்தார். சாவு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பதால் சாப்பாட்டு முறை போட ஆரம்பித்தார்கள். ரசம் நாங்கள், தயிர் சாதம் நாங்கள், இட்லி நாங்கள் என்று இடம் பிடித்தார்கள். ஈரோட்டுக்குக் கொண்டுபோவதா, இங்கேயே முடிப்பதா என்று ஒருவர் கேட்டிருந்தார். உமா விளக்கை மலையேற்றினாள். என் படுக்கை விரிப்பை எடுத்து வந்து கொலுவை மூடினாள். விஷ்ணுவிலிருந்து செட்டியார் வரைக்கும் எல்லோரும் வெள்ளைத் துணிக்கு அடியில் போனார்கள். அந்தக் கோலத்தில் நான் படுத்திருந்த நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

வீடு நிறைந்துவிட்டது. யாரிடம் சொன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சரிம்மா, சரிம்மா,” என்றார்கள்.

என் மாமியார் போயிருந்த வீட்டுக்கும் செய்தி போயிருந்தது. அவர் பாடிக்கொண்டிருந்தபோது எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்ததாம். முகங்கள் இருண்டன. யாருக்கும் அவரிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் காரில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். மாமியார் வீட்டுக்குள் நுழையும்போதே புலம்பிக்கொண்டு வந்தார்.

“நா பாடுனது அத்தன மோசமா? பாதிப் பாட்டுல நிறுத்திக் கூட்டியாந்துட்டாங்க. ஒருத்தராச்சும் நல்லாருக்குதுன்னு சொல்லப்படாதா?”

அவருக்குப் பின்னால், வாசலில் குவிந்துகிடந்த செருப்புகளைத் தாண்டிக்கொண்டு, ஒரு கையில் நிலாவையும் இன்னொரு கையில் ஒரு கேலன் பால் கேனையும் பிடித்தபடி செந்தில் வந்தார்.

“என்ன, அதுக்குள்ள எல்லாரும் வந்தாச்சா? எனக்குச் சுண்டல் இருக்கா?”

கூடத்தில் எழுந்த அலறல் மாதிரி ஒன்றை நான் எந்தத் தொடரிலும் கேட்டதில்லை. விசாலம் ஆன்ட்டிதான் முதலில் சுதாரித்தார். பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

“டேய்! நீ செத்துட்டேடா!”

“ஆரு? ஆரு செத்தது?” என்று கேட்ட மாமியாருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. மகனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மற்றக் கன்னத்தையும் தொட்டுப் பார்த்தார். அதைப் பார்த்தபோது எனக்கு எந்தத் தொடரும் வேண்டாம், பூமி பிளந்தால் போதும் என்று இருந்தது. அவர் என் பக்கம் திரும்பாமல் செந்திலிடம், “பால உள்ள வெய்யி சாமி, கெட்டுப்போயிரும்,” என்றார்.

இறந்தவர் பிழைத்துவிட்டாலும் சாப்பாட்டு முறையை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை, சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாரம் முழுக்க ரசம் வந்தது. தன்னுடைய கருமாதிச் சாப்பாட்டைத் தானே ருசித்துச் சாப்பிட்ட ஒரே ஈரோட்டுக்காரர் என் கணவர்தான்.

தயாரிப்பு நிறுவனத்திலிருந்து வெள்ளை லில்லிப் பூக்கள் வந்தன. ஏஜென்ட் கூப்பிட்டுத் தழுதழுத்த குரலில் ஆறுதல் சொன்னார். நான் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். இயக்குநர் உண்மையாகவே அழுதிருக்கிறார், வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியும் அழுதிருக்கிறார். ஆள் வைத்து நாடகம் போட்டு ஏமாற்றிவிட்டதாக இப்போது நினைக்கிறார். பாத்திரம் மற்ற நடிகைக்குப் போய்விட்டது.

சமையலறையில் நின்று அழுதேன். சத்தமில்லாமல், குழாயைப் பிடித்துக்கொண்டு, மனம் விட்டு அழுதேன். சட்னி அரைக்க வந்த மாமியார் ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

“அன்னைக்குப் பண்ணுனது இதவிட நல்லா இருந்துச்சுன்னு பேசிக்கறாங்க கண்ணு,” என்று சொல்லிவிட்டு மிக்ஸியைப் போட்டார்.

ஜனவரி பேட்சில் சேர்ந்தேன். இப்போது பக்கத்து ஊரான பிளேனோவில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் செய்கிறேன். மற்றவர்கள் செய்யும் தப்பைக் கண்டுபிடிக்கும் வேலை. அம்மா முன்னறையில் ஸ்டெதஸ்கோப் படத்தை எடுக்கவில்லை, கேட்பவர்களிடம் பிள்ளை அமெரிக்காவில் டெஸ்ட் எடுக்கிறாள் என்கிறாராம். எந்த விருந்துக்குப் போனாலும் செந்திலைப் பார்த்து, “வாங்க, எப்ப எழுந்தீங்க?” என்கிறார்கள். பால் வாங்க அவரை அனுப்பும்போதெல்லாம் தெருவே சிரிக்கிறது.

அந்தத் தொடரும் வந்தது. எங்கள் கூடத்திலேயே எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம், விசாலம் ஆன்ட்டியும், மறுபடியும் விசா வாங்கி வந்திருந்த மாமியாரும் உட்பட. கணவன் செத்த செய்தி வந்தது. அந்த நடிகை தரையில் விழுந்து அழுதாள். அப்போது கதவு திறந்து, பட்டுப்புடவை கட்டிய ஒரு ஆன்ட்டி உள்ளே வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டாள். தலையைத் தடவிவிட்டு, ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஆடிஷனுக்குக் கொடுத்த வசனத்தில் அது இல்லை, அவர்கள் அனுப்பிய கதையிலும் இல்லை. என் வீட்டுக் கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“என்னை மாதிரியே பண்றா,” என்றார் ஆன்ட்டி. “ஆனா அழத் தெரியலை.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்தது, நிற்கவில்லை. செந்தில் பார்த்தார், மாமியார் பார்த்தார், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினார்கள். நிலா என் முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தாள்.

“அம்மா, இஸ் திஸ் ரியல் ஆர் ஆக்டிங்?”

எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் என் மூக்குக்கு முன்னால் பட்டென்று தட்டினாள்.

“கட்!”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். நான் எதற்காக அழுதாலும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே ‘கட்’ சொல்கிறார்கள். எட்டு வயதில் வாங்கிய திட்டு, என்ன செய்வது? நிறுத்திவிடுகிறேன்.